யாருக்கும் தராத பெயர்

ட்ரேசியை நான் வேலைக்கு எடுத்தது பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட. காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது ஈப்போ பக்கத்து எங்கள் லகாட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "காட்டுப் பள்ளிக்கூடம் நடத்துற டீச்சர்தானே நீங்க?" என்று கேட்கிறார்கள். நான் எந்தக் காட்டையும் நடத்தவில்லை. என் பெயர் கலாதேவி. இருபத்திரண்டு வருடமாக ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளை டைல்ஸ் தரை. அதில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலும் எனக்குத் தலை வலிக்கும். அப்படிப்பட்டவள் வாரா வாரம் வியாழக்கிழமை பின்கதவைத் திறந்து பதினைந்து பிள்ளைகளைச் சேற்றுக்குள் அனுப்புகிறேன் என்றால், பழியும் ட்ரேசிக்குத்தான், புகழும் ட்ரேசிக்குத்தான்.

பின்கதவுக்கு அப்பால் ஒரு வாய்க்கால். அதன் மேல் ஒரு பலகைப் பாலம். அதைத் தாண்டினால் ஒன்பது ஏக்கர் கித்தா மரம், அதாவது ரப்பர். ஒரு காலத்தில் பெரிய தோட்டமாக இருந்ததன் வால் துண்டு அது. தோட்டம் போய் வரிசை வீடுகளோடு தாமான் வந்தபோது, இந்தத் துண்டு மட்டும் அண்ணன் தம்பி வழக்கில் சிக்கிக்கொண்டு விற்க முடியாமல் நின்றுவிட்டது. பால் வெட்டுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. மரங்களுக்கு நடுவில் புதர் வளர்ந்து, பழைய வெட்டுக் காயங்கள் எல்லாம் தடித்துப் போய், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே பாம்பு மாநாடு நடக்கும் போலிருக்கும். பதினைந்து வருடம் அந்தக் கதவை நான் பூட்டியே வைத்திருந்தேன்.

ட்ரேசி வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து முகம் வெளிறிப் போயிருந்தவள், நாலு வயது மகள் ஷார்மேனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "பகல் வேலையா இருந்தா என்னா வேலன்னாலும் செய்வேன் டீச்சர். இவளயும் இங்கயே சேத்துக்கிட்டீங்கன்னா போதும்லா" என்றாள். சேர்த்துக்கொண்டேன். தாய்க்கு ஏப்ரன், மகளுக்குச் சீருடை.

இரண்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, உரிமம் புதுப்பிக்க நான் ஈப்போவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பள்ளியில் ஒரு பிள்ளைகூட இல்லை. மின்சாரமும் இல்லை. காற்றாடிகள் நின்று கிடக்கின்றன, பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஓடி, முதலில் ஞாபகத்துக்கு வந்த பெயரைச் சொல்லிக் கத்தினேன். "ராட்னி! ராட்னி!"

புதருக்குள்ளிருந்து ட்ரேசி ஓடிவந்தாள். தலையெல்லாம் சருகு. உதட்டில் விரலை வைத்து, "பேரு சொல்லாதீங்க டீச்சர்!" என்றாள்.

பிள்ளைகளைக் காட்டுக்குள் விட்டவள் என்னைத் திருத்துகிறாள்! நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். ஆனால் திட்டிக்கொண்டே நான் ஒன்றைக் கவனித்தேன். தினமும் யாரையாவது கடித்து வைக்கும் ராட்னி, ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கித்தாக் கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரமாக அவன் யாரையும் கடிக்கவில்லையாம். அவனுக்குப் பக்கத்தில் மூன்று பிள்ளைகள் ஒரு காயை உடைத்து, உள்ளே மூன்று கொட்டை இருப்பதைப் பார்த்து, அடுத்த காயிலும் மூன்றுதான் இருக்குமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று என்றால் என்ன என்று நான் பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த வியாழக்கிழமை பின்கதவை நானே திறந்துவிட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

பெயர் விஷயம் என்னவென்றால், ட்ரேசி பிறந்த தோட்டத்தில் காட்டுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். "கூப்பிட்டா, கேக்கக்கூடாதது கேட்டு வெச்சிக்கும் டீச்சர். அப்பறம் நம்ம கொரல்லயே அதுவும் கூப்புடும். புள்ள நம்பி பின்னாடியே போயிரும்." கோயிலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள், எல்லாருக்கும் இதில் ஒரே வழக்கம்தான். ஞாயிறு பூசை தவறாத ட்ரேசியிடம், "உங்க ஃபாதர் இதுக்கு ஒத்துக்குவாரா?" என்று கேட்டேன். "ஃபாதர் கித்தா மரத்துக்குள்ள வந்ததில்ல டீச்சர்" என்றாள்.

அதனால் பாலத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காட்டுப் பெயர் உண்டு. அவர்களே வைத்துக்கொள்வது. ஒரு பெயர் ஒருவருக்குத்தான்; பிள்ளை பெரிய பள்ளிக்குப் போய்விட்டால் அந்தப் பெயர் அடுத்த வருடப் பிள்ளைக்குப் போகும். கூப்பிட்டால் "ஓய்" என்று பதில் கொடுக்க வேண்டும். சொந்தப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ராட்னி தன்னைச் சருகு என்றான். காளான் என்று ஒருத்தி, மரவட்டை என்று ஒருத்தன், குரங்கு என்ற பெயருக்கு வருடா வருடம் அடிதடி. ஒருவன் லோரி என்று வைத்துக்கொண்டான். அது காட்டுச் சாமான் இல்லையே என்றேன். "காட்டுக்குள்ள லோரி வராதா என்னா? மொதல்ல வாரதே அதுதான்" என்றாள் ட்ரேசி. அவளை எல்லாரும் பால்வாளி என்று கூப்பிடுவார்கள். குட்டையாக, கொஞ்சம் உருண்டையாக இருப்பாள். பொருத்தமான பெயர்தான்.

அவள் சொல்லித் தருவதெல்லாம் மிகக் கொஞ்சம். கையில் ஒரு தடியை வைத்துக்கொண்டு நிற்பாள், தலைகளை எண்ணுவாள், எறும்புப் புற்றைக் கண்டால் ஒரு சத்தம் கொடுப்பாள். விழுந்த பிள்ளையைத் தூக்க மாட்டாள். அருகில் போய்க் குந்தி உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளை யோசிக்கும். யோசிப்பதற்குள் அழுகை நின்றுவிடும். ஒருநாள் ஒரு மரக்கட்டையைப் புரட்டினார்கள். அடியில் சாண் நீளத்துக்கு ஒரு பூரான். பாம்பைத் தடியால் ஒதுக்கிவிட்டுப் போகிற ட்ரேசி, "ஐயோ" என்று அலறிக்கொண்டு பாலம் வரைக்கும் ஓடிவிட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு ஷார்மேன் தன் பழைய பெயரை விட்டுவிட்டு, "இனிமே நாந்தான் பூரான்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா பயப்படுறது அது ஒண்ணுக்குத்தான்" என்றாள். அப்போது அவளுக்கு அஞ்சு வயது.

அந்த வருடக் கடைசியில் ஷார்மேன் போய்விட்டாள். ட்ரேசிக்கும் புருசன் ரோய்ஸ்டனுக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் குற்றம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ரோய்ஸ்டனுக்கு ஜொகூரில் நல்ல வேலை, அவன் அக்காள் வீட்டில் பெரிய அறை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ட்ரேசிக்கு இருந்தது என் கடைவீட்டு மாடியில் ஒரு அறை. "ஆறு மாசம் வெச்சிக்கங்க, நா ஒரு வீடு பாத்துட்டுக் கூட்டிக்கிறேன்" என்று அவளே சம்மதித்தாள். ஆறு மாதம் ஆறு வருடமாகிவிட்டது. வீடு பார்த்தபோது பிள்ளை அங்கே பள்ளியில் பழகிவிட்டது. பழகிய பிள்ளையைப் பிடுங்கி நட ட்ரேசிக்கு மனம் வரவில்லை; வீட்டை விட்டுவிட்டு என் மாடி அறையிலேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். ஆரம்பத்தில் அரை மணி நேரம், அப்புறம் பத்து நிமிடம். கடைசியில், "சாப்டியா? சரி, படி" என்பதோடு முடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை பேருந்து ஏறிப் போய், அந்த அக்காள் வீட்டு வரவேற்பறையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். இங்கே ஒரு தடவைகூட அந்தப் பிள்ளை வரவில்லை.

அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பூரான் என்ற பெயரைக் கேட்டிருக்கிறார்கள். ட்ரேசி தரவில்லை. "அது ஆளு இருக்கிற பேரு. வேற பாரு" என்று விளையாட்டாகவே சொல்லி மடக்கிவிடுவாள். ஆள் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், "வரும்" என்பாள். மூன்று தடவை ஷார்மேன் விடுமுறைக்கு வருவதாகப் பேச்சு நடந்தது. மூன்று தடவையும் புதுப் படுக்கை விரிப்பு, புது மைலோ டின், கட்டிலுக்கடியெல்லாம் கூட்டிப் பெருக்கல். மூன்று தடவையும் கடைசி நாளில் ஒரு தகவல் வரும்: டியூஷன் இருக்கிறது, காய்ச்சல், டியூஷன். மூன்றாவது தடவை இந்த வருடம் மே மாதம். அன்றைக்கு ட்ரேசி வேலைக்கு வந்து வழக்கம்போலச் சிரித்தாள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள் சாந்தினி. அஞ்சு வயது. குறை மாதத்தில் பிறந்தவள், நடக்கத் தொடங்கியதே இரண்டரை வயதில். வீடு பதினோராவது மாடியில். சமதளத்தைத் தவிர வேறொன்றை அந்தக் கால்கள் அறியா. வியாழக்கிழமை வந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வாள், என் சேலையைப் பிடித்தபடி. மற்றதுகள் உள்ளே கத்துவதையும் விழுவதையும் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வா என்றால் வர மாட்டாள். அஞ்சு வியாழக்கிழமை இப்படியே போயிற்று.

ஆறாவது வியாழக்கிழமை, அந்த மூன்றாவது தகவல் வந்த அதே வாரம், ட்ரேசி பாலத்தைத் தாண்டி வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"உள்ள வாரதுக்கு ஒரு பேரு வேணுமே. என்னா பேரு வெச்சிக்கிற?"

"பூரான்" என்றாள் சாந்தினி, யோசிக்காமல்.

ட்ரேசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அது ஏன் பூரான்?"

"அதுக்கு நெறையா காலு இருக்கு. ஒரு காலு வழுக்குனாலும் விழாது."

ட்ரேசி கையிலிருந்த தடியால் பாலத்துப் பலகையை ஒரு தடவை தட்டினாள். அப்புறம் எழுந்து, கையை நீட்டாமலேயே, "சரி. வா, பூரான்" என்றாள். என் சேலையைப் பிடித்திருந்த கை விட்டது. சாந்தினி பாலத்தில் தவழ்ந்துதான் போனாள். ஆனால் போனாள்.

அன்று சாயங்காலம் தரை துடைத்துக்கொண்டே, "குடுத்துட்டேன் டீச்சர்" என்றாள் ட்ரேசி.

"பாத்தேன்."

"வராத ஆளுக்கு எதுக்கு டீச்சர் பேரப் புடிச்சி வெச்சிருக்கணும்? சின்னப் புள்ள வெளிய நிக்குது." அதைச் சொல்லிவிட்டு, ஒரே டைல்ஸை மூன்று தடவை துடைத்தாள். நல்லதுதான் செய்தாய் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நல்லதுதான் என்று நானே நம்பவில்லை.

ஜூலைக்குள் சாந்தினி விழுந்த மரத்தின் மேல் நடக்கப் பழகிவிட்டாள். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. அவளுடைய அம்மா முதலில் வாட்ஸ்அப்பில் எனக்கு நீளமாகச் சண்டைச் செய்தி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து, மகள் இப்போது படிக்கட்டில் கைப்பிடி இல்லாமல் இறங்குகிறாள் என்று ஒரு வீடியோ அனுப்பினார். அதே ஜூலையில்தான் காட்டோரத்தில் சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகள் வந்தன. அண்ணன் தம்பி வழக்கு முடிந்துவிட்டதாம். அளக்க வந்தவர், "நவம்பர்ல சுத்தம் பண்ணிருவாங்கக்கா" என்றார். பிள்ளைகள் அந்தக் குச்சிகளைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமைக் காலை ட்ரேசி படியில் ஓடிவந்தாள். "டீச்சர், அவ வாரா!" ரோய்ஸ்டன் பாரிட் புந்தாரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறானாம். அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. போகிற வழியில் ஷார்மேனை ஞாயிற்றுக்கிழமை இங்கே விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொள்வானாம். நாலாவது படுக்கை விரிப்பு வாங்கப்பட்டது. பதினோரு வயதுப் பிள்ளை என்ன சாப்பிடும், என்ன பார்க்கும், தனியாகப் படுக்குமா என்று என்னைக் கேட்டுக் குடைந்தெடுத்தாள். இரண்டு நாள் கழித்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"டீச்சர், பேரு!"

"என்ன பேரு?"

"அவ பேரத்தான் குடுத்துட்டேனே. உள்ள வந்தா நா என்னான்னு கூப்புடுவேன்? எனக்கு எடமில்லையான்னு கேட்டா என்னா சொல்லுவேன்?"

"பதினோரு வயசுப் பிள்ளை. அதுக்கு ஞாபகமே இருக்காது. காட்டுக்குள்ள வருமோ என்னவோ. அப்படியே வந்தாலும் அந்தச் சின்னதுகிட்ட ஒரு நாளைக்குத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கோயேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "குடுத்தத திருப்பிக் கேக்குறதா? அது மரத்து மேல நிக்கிற நேரத்துல?"

ஞாயிற்றுக்கிழமை ஷார்மேன் வந்து இறங்கினாள். தாயைவிட உயரம். காலில் வெள்ளைச் சப்பாத்து, காதில் ஒயர், கையில் போன். "ஹலோ, அம்மா. நல்லா இருக்கீங்களா?" என்றாள். அஞ்சு வயதில் "ஏய் அம்மா, இங்க வா" என்று கூப்பிட்ட பிள்ளை அது. ட்ரேசி, "நல்லா இருக்கேன்மா, வாங்க" என்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்று பேசிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்து எனக்கு அழுகையாக வந்தது. புதன்கிழமை வரைக்கும் அந்தப் பெண் சாப்பிட்டது, தூங்கியது, போன் பார்த்தது. கேட்டதற்குப் பதில் சொன்னது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஒன்பது பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். விடுமுறையிலும் பெற்றோர் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். நானும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷார்மேன் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சுவரில் சாய்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். ட்ரேசி, "வாரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். "தாப்பா, பரவால்ல, நீங்க போங்க" என்றாள் அவள்.

நல்ல வெயில். கித்தாக் காய் காய்ந்து வெடிக்கும் காலம். மேலே 'டப்' என்று சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் எங்கேயோ சருகில் கொட்டை விழும். சத்தம் கேட்ட இடம் ஒன்று, விழுகிற இடம் ஒன்று. எங்கே விழும் என்று பிள்ளைகள் ஊகித்து ஓடுவார்கள். பத்துக்கு ஒன்பது தப்பாகும். பத்தாவதற்காகத்தான் ஓட்டம். நான் திரும்பிப் பார்த்தபோது ஷார்மேன் போனைப் பைக்குள் வைத்திருந்தாள். அடுத்த தடவை பார்த்தபோது பாலத்தின் மேல் நின்றாள். மூன்றாம் தடவை பார்த்தபோது அவளைக் காணவில்லை.

ட்ரேசியும் பார்த்துவிட்டாள். புதர் அடர்ந்த பக்கம், பழைய கிணற்றுக் குழி இருக்கிற பக்கம் நோக்கி நாலு எட்டு வைத்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஒரு பெயரைக் காட்டுக்குள் சொல்லக் கூடாது. இன்னொரு பெயர் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் அவள் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. "ஷார்…" என்று நானே தொடங்கினேன். பாய்ந்து வந்து சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினாள். அப்புறம், யாருக்கோ பயந்தவள் போலச் சின்னக் குரலில் கூப்பிட்டாள்.

"பூரானே…"

"ஓய்! வாரேன்!" விழுந்த மரத்தின் மேலிருந்து சாந்தினி.

"ஓய்" என்று இன்னொரு குரல். இடது பக்கத்திலிருந்து. கொஞ்சம் தடித்த, வெட்கப்பட்ட குரல்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஷார்மேனின் வெள்ளைச் சப்பாத்து செம்மண் நிறமாகியிருந்தது. சாந்தினி இடுப்பில் கை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்கள கூப்புடல. என்னத்தான் கூப்ட்டாங்க. நாந்தான் பூரான்."

ஷார்மேன் தாயைப் பார்த்தாள். நாலு நாளாகக் கல் மாதிரி இருந்த முகம் அப்படியே உடைந்தது.

"அது என் பேரு. என் பேர எதுக்கும்மா குடுத்த?"

ட்ரேசி சமாதானம் சொல்ல முயலவில்லை. "நீ வரல" என்றாள். "மூணு வாட்டி படுக்க விரிச்சி வெச்சேன். வரல."

"நா வரமாட்டேன்னு சொன்னேனா? அத்தைதான் டியூஷன், காய்ச்சல்னு சொன்னாங்க. நா மூணு வாட்டியும் பை கட்டி வெச்சிருந்தேன். கதவுகிட்ட வெச்சிருந்தேன். ஒனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அதுக்குள்ள குடுத்துட்ட!"

அவள் கோபத்தில் கத்திய ஒவ்வொரு சொல்லுக்கும் ட்ரேசியின் முகம் விரிந்துகொண்டே போனது. திட்டு வாங்கி ஒரு மனுசி இவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்படியே சருகில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, ஆறு வருடத்தையும் சேர்த்து அழுதாள். பிள்ளைகள் சுற்றி வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பால்வாளி அழுவுது" என்று லோரி எல்லாருக்கும் அறிவித்தான். காளான் கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

ஷார்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாந்தினியிடம் திரும்பினாள். "ஒனக்கு எதுக்கு இந்தப் பேரு?"

சாந்தினி காலின் கணக்கைச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், விழுந்த மரத்தில் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினாள். ஷார்மேனும் பின்னாலேயே ஏறினாள். பாதி வழியில் வழுக்கி, பொத்தென்று சேற்றில் விழுந்தாள். "பாத்தீங்களா, ரெண்டு காலு பத்தாது" என்றாள் சாந்தினி மேலே நின்றபடி. ஷார்மேன் சேற்றில் கிடந்தபடி சிரிக்கத் தொடங்கினாள். அவளை யாரும் தூக்கிவிடவில்லை. அதுதான் எங்கள் காட்டு வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோய்ஸ்டனின் கார் வந்தது. கழுவியும் வெளுக்காத சப்பாத்தோடு ஷார்மேன் ஏறி உட்கார்ந்தாள். கார் நகரும்போது கண்ணாடியை இறக்கி, "அம்மா, அந்தச் சின்னவளே வெச்சிக்கட்டும். ஆனா டிசம்பர்ல நா வாரப்ப எனக்குத் திருப்பிக் குடுத்துரணும். சொல்லி வெய்யி" என்றாள். "சொல்லி வெக்கிறேன்" என்றாள் ட்ரேசி. கார் முச்சந்தியில் திரும்பி மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்தக் குச்சிங்களப் பத்திச் சொன்னியா? டிசம்பர்ல இங்க மரம் இருக்காதே ட்ரேசி."

"வாரேன்னு சொல்றா டீச்சர். நா போய் மரத்தப் பத்திப் பேசவா?"

அடுத்த வியாழக்கிழமை பாலத்தைத் தாண்டும்போது ட்ரேசி சாந்தினியை நிறுத்தி, டிசம்பர் வரைக்கும் அந்தப் பெயர் அவளிடம் இருக்கட்டும் என்றும், அப்புறம் அக்காள் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். சாந்தினி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"அந்த அக்கா வருவாங்களா?"

முன்னெல்லாம் ட்ரேசி இதற்கு "வரும்" என்று சொல்லி வேறெங்காவது பார்ப்பாள். இந்தத் தடவை பிள்ளையின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"பை கட்டி வெச்சிருப்பா."